அவளுடைய சோதனையில் நான் தேறினேன்

பீப்.

காலி வீதியில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட உள்ள பல்பொருள் அங்காடியில், காசாளர் பெண் சவர்க்காரக் கட்டியைக் கண்ணாடியின் மேல் இழுக்கிறாள். பீப். என் மகள் ஆரணி வலது கையைத் தூக்குகிறாள். பருப்புப் பை. பீப். கை உயர்கிறது. பால்மா, பீப், கை. நெத்தலி, பீப், கை. வரிசையில் பின்னால் நிற்கிறவர் சிரிக்கிறார். காசாளர் பெண்ணுக்கும் விளையாட்டுப் பிடித்துவிட்டது. பிஸ்கட் பொதியை வேண்டுமென்றே மெதுவாக, மிக மெதுவாக நகர்த்துகிறாள். ஆரணி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். ஏழு வயது. முன்பல் ஒன்று இல்லை.

எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அந்தச் சத்தத்துக்குப் பின்னால் ஒரு சின்ன அறை இருக்கிறது. சுவரெல்லாம் மெத்தென்ற பலகை அடித்து, கதவைச் சாத்தினால் கொழும்பே இல்லாமல் போய்விடுகிற அறை. அங்கேதான் அவளுக்கு ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்கு என்றார்கள். எறும்பு நடக்கிற அளவு மெல்லிய சத்தத்துக்கும் தூக்கினாள். செவி முழுச் சரி, இரண்டாவது தடவையும்.

செவி சரி என்றால் எது பிழை? அந்தக் கேள்வியோடு இரண்டரை வருடம் நடந்தேன். நடந்த வழியில் ஒரு பெரிய பள்ளம் என் கையாலேயே வெட்டியது. இப்போது கொஞ்சம் மூச்சு விட முடிகிறது, அதனால் எழுதுகிறேன். நாளைக்கு ஆஸ்பத்திரியின் காத்திருக்கும் வாங்கில் போய் உட்காரப் போகிற அம்மாக்களுக்கு. ஆறுதல் சொல்ல அல்ல. ஆறுதல் எனக்கே பிடிக்காது.

முதலில் வந்தவை பெயர்கள். கடல். ரயில். காகம். மீன். எங்கள் வீட்டு யன்னலால் கடற்கரை ரயில் தெரியும்; அவள் முதலில் சொன்ன சொல் அம்மாவா ரயிலா என்று இன்னமும் வீட்டில் வழக்கு நடக்கிறது. ஆனால் செய்கையைச் சொல்லும் சொற்கள் பாதியில் நின்றன. ரயில் போ. காகம் சாப்பிடு. அப்பா வா. எப்போது போனது, யார் போனது, போய்விட்டதா இன்னும் போகிறதா, இதையெல்லாம் தமிழ் வினையின் வாலில்தான் கட்டி வைத்திருக்கிறது. மூன்று வயதுப் பிள்ளைகள் அந்த வாலை ஆட்டிக்கொண்டு ஓடித் திரிவார்கள். நான்கரை வயதிலும் ஆரணியின் சொற்கள் வால் இல்லாமல் வந்தன. வந்து, நின்று, எங்களைப் பார்த்தன.

"வரும், பொறும்," என்றார் என் கணவர். கொட்டாஞ்சேனையில் இரும்புச் சாமான் கடை ஒன்றில் வேலை. எதற்கும் பொறுமை உள்ள மனிதர். நான் பொறுக்கவில்லை.

முதற் சோதனை காதுக்கு. அந்த நாளில் ஹெட்போனைக் கழற்றி எறிந்தாள். அப்படியென்றால் நித்திரையாக்கித்தான் பார்க்க வேண்டும் என்றார்கள். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் சின்னக் கம்பிகளை ஒட்டி, காதுக்குள் டிக் டிக் என்று சத்தம் விடுவார்கள். மூளை அதற்குப் பதில் சொல்கிறதா என்று திரையில் கோடாக விழும். வலி இல்லை. ஒரே நிபந்தனை: பாணி மருந்து கொடுத்ததும் பிள்ளை உறங்க வேண்டும், அதனால் விடியற்காலையில் எழுப்பிவிட்டு, வந்து சேரும்வரை கண்ணை மூட விடக்கூடாது.

என் கணவரின் அக்கா, என் மச்சாள், கீழ்மாடியில் இருக்கிறா. அவவும் ஏறிக்கொண்டா. முச்சக்கரவண்டியில் மூன்று பேர் ஒரு பிள்ளையைத் தூங்கவிடாமல் பாடிக்கொண்டு போனோம். மச்சாளுக்குத் தெரிந்தது தேவாரம் மட்டும். இவருக்கு ஒன்றும் தெரியாது, கை தட்டினார். பம்பலப்பிட்டி தாண்டியதும் சாரதிக்குப் பொறுக்கவில்லை. சிங்களத்தில் "அக்கே, இந்தப் பாட்டுக்கு எனக்கே நித்திரை வருது" என்று சொல்லிவிட்டு துள்ளல் பைலாப் பாட்டு ஒன்றை எடுத்துவிட்டான். ஹோர்னால் தாளம் வேறு. ஆரணி அவன் முதுகில் குத்திக் குத்திச் சிரித்தாள். ஆஸ்பத்திரியில் மருந்தைக் குடித்தாள். குடித்துவிட்டு அரைமணி நேரம் நடைபாதையில் ஓடினாள். வாங்கில் வரிசையாகத் தூங்கிப்போனது நாங்கள்தான்.

பிறகு அவளும் தூங்கினாள். கோடுகள் ஒழுங்காக விழுந்தன. காதில் ஒன்றுமில்லை, பேச்சு மொழிச் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள் என்று ஒரு துண்டு தந்தார்கள்.

இனித்தான் என் கதை.

ஸ்பீச் மிஸ் என்று எல்லோரும் சொல்கிற அந்தப் பெண்ணின் பெயர் நிலூஷா. சிங்களவர். தமிழ் தெரியாது. அது அவருடைய குற்றமல்ல. இத்தனை தமிழ்ப் பிள்ளைகள் வந்து போகிற இடத்தில் தமிழ் தெரிந்த ஒருவரை வைக்காதது யாருடைய குற்றம் என்று நான் கேட்ட கடிதங்களுக்கு இன்னும் பதில் இல்லை. தமிழில் அளந்து வைத்த சோதனைத் தாளும் அவரிடம் இருக்கவில்லை. படங்கள் இருந்தன. அவர் படத்தைக் காட்டுவார். நான் தமிழில் கேட்பேன். ஆரணி சொல்வாள். மிஸ் என் பக்கம் திரும்பி, "எயா மொனவத கிவ்வே?" என்பார். அவள் என்ன சொன்னாள்? நான் சிங்களத்தில் சொல்வேன். அவர் எழுதுவார்.

அதற்கு முதல் இரண்டு கிழமை நான் அவளுக்குப் பாடம் எடுத்திருந்தேன். சிரிக்காதீர்கள். சோதனை என்ற சொல்லைக் கேட்டால் எங்கள் ஆட்களுக்கு வேறொன்றும் தோன்றாது. மொண்டிசோரிக்கே டியூஷன் வைக்கிற இனம். காத்திருக்கும் வாங்கிலும் விடவில்லை. "குடிச்சது எண்டு சொல்லு, குஞ்சு. பூனை பால் குடிச்சது. எங்கை, சொல்லு."

பக்கத்தில் மாளிகாவத்தையிலிருந்து வந்த ஒரு தாய். மடியில் மூன்று வயது மகன். பனிஸ் ஒன்றைப் பிய்த்து ஆரணிக்கும் நீட்டினார்.

"புள்ளக்கி என்ன வருத்தம்?"

"கதை கொஞ்சம் பிந்தி."

"அதுக்குத்தானே வந்தீங்க? பொறகு என்னத்துக்கு இங்க வச்சி சொல்லிக் குடுக்கிறீங்க? காய்ச்சலோட வந்து, டொக்டர்ட்ட காட்ட முந்தி நெத்திய ஐஸ்ல வைக்கிற மாதிரி."

எனக்குக் கோபம் வந்தது. "எங்கட பிள்ளைக்கு எல்லாம் தெரியும். பயத்திலை சொல்லுறாள் இல்லை," என்றேன்.

"என்ட மகன் ஒரு சொல்லும் கதைக்கிறல்ல," என்றார் அவர். "வாப்பாவக் கண்டா ஓடிப் போய்க் கட்டிப் புடிக்கிறான். இன்டக்கி அது போதும்."

அவருடைய பெயரைக் கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. எங்கள் இலக்கத்தைக் கூப்பிட்டார்கள்.

பூனைப் படம். "பூனை பால் குடி," என்றாள் ஆரணி. நான் மிஸ்ஸிடம் சிங்களத்தில், பூனை பாலைக் குடித்துவிட்டதாம் என்றேன். சிறுமி ஊஞ்சல் படம். "அக்கா ஆடு." அக்கா ஊஞ்சல் ஆடிக்கொண்டிருக்கிறாவாம் என்றேன். பொய் சொல்கிறேன் என்று ஒரு கணமும் நினைக்கவில்லை, சத்தியமாக. பம்பலப்பிட்டியில் ஒரு அச்சகத்தில் இருபது வருடமாக மெய்ப்புப் பார்க்கிறேன். மற்றவர்கள் அரைகுறையாக எழுதியதை அவர்கள் எழுத நினைத்தபடி ஆக்கிக் கொடுப்பது என் வயிற்றுப்பிழைப்பு. ஓர் ஓட்டை வசனத்தைக் கண்டால் என் கை தானாகப் போய் அடைக்கும். மகளின் வாயையும் அப்படியே அடைத்துக்கொண்டிருந்தேன். இன்னொன்றும் இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். இரவல் இல்லாத சொற்களால் நாலு கவிதை எழுதியவள் என்று எனக்குப் பெயர். அவளுக்குப் பிறந்தது வசனம் முடிக்கத் தெரியாத பிள்ளையா? என் நாக்கு அதை மறுத்தது.

அறிக்கை வந்தது. வயதுக்கேற்ற மொழி வளர்ச்சி. மீண்டும் வரத் தேவையில்லை. வெள்ளவத்தைக்கு வந்து பலூடா குடித்தோம். மச்சாள் பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைத்தா.

அறிக்கை திருந்திவிட்டது, பிள்ளை திருந்தவில்லை. முதலாம் வகுப்பு. கொப்பி எல்லாம் சிவப்பு. பாடசாலை வானில் கூடப் போகிற பிள்ளைகள், "ஆரணி வா, ஆரணி ஏறு, ஆரணி குந்து" என்று அவளைப் போலவே கதைத்துக் காட்டினார்கள். மச்சாள் ஒருநாள் மேலே ஏறி வந்தா.

"இஞ்சை பார். வீட்டிலை தமிழ், வெளியிலை சிங்களம், டீவியிலை இங்கிலீஷ். பிள்ளை குழம்பாமல் என்ன செய்யும்? தமிழை விடுங்கோ. இங்கிலீஷ் ஒண்டையே பிடியுங்கோ. நாளைக்கு வெளிநாட்டுக்கும் உதவும்."

ஒரு கிழமை பிடித்துப் பார்த்தோம். என் கணவர் மேசையில் உட்கார்ந்து, "ஆரணி, கம் ஹியர். ஈட் த பிட்டு," என்றார். அவள் அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினாள்.

"அப்பாக்குக் காய்ச்சல்?"

பகிடி அதோடு முடிந்தது. மூன்றாம் நாளிலிருந்து அவள் கதைப்பதை நிறுத்திவிட்டாள். வீடு முழுக்க ரயில் சத்தம் மட்டும். ஐந்தாம் நாள் நான் மச்சாளிடம் இறங்கிப் போய்ச் சொன்னேன்: "என்ரை பிள்ளை பிழையாக் கதைச்சாலும் தமிழிலைதான் கதைப்பாள். ஆர் என்ன சொன்னாலும் சரி." பின்னேரம் கீழ்மாடியிலிருந்து ஆரணிக்குப் பிடித்த பால்ரொட்டி வந்தது, மன்னிப்பு மாதிரி.

இரண்டாம் வகுப்பின் கடைசித் தவணையில் பாடசாலை அதிபர் கூப்பிட்டார். வருகிற வருடம் ஆரணியை வேறு பாடசாலையின் விசேட பிரிவுக்கு அனுப்புவது நல்லது என்றார். கோப்பைத் திறந்து என் பெருமைக்குரிய அறிக்கையைக் காட்டினார். "காது சரியாம். மொழியும் சரியாம். பிறகு மிச்சம் என்ன இருக்கு? புத்திதானே அம்மா? இல்லாட்டிப் பிடிவாதம்."

என் கையெழுத்து இல்லாத, ஆனால் நானே எழுதிய அந்தத் தாள் என் பிள்ளையை மந்தம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. புதிய அறிக்கை கொண்டு வருகிறேன், அதுவரை முடிவெடுக்க வேண்டாம் என்று கெஞ்சாமல், கேட்டேன்.

அதே பிரிவு, அதே வாங்கு, அதே நிலூஷா மிஸ். கொஞ்சம் மெலிந்திருந்தார். இந்த முறை ஹெட்போன், கை, பீப். புத்தியையும் பார்த்தார்கள்: கட்டைகளை அடுக்குவது, விடுபட்ட உருவத்தைக் கண்டுபிடிப்பது, பேச்சே தேவைப்படாத கணக்குகள். வயதுக்கு மேலேயே செய்தாள். பிறகு கதைப் படங்கள் ஆறு. பையன், பட்டம், மரம், அழுகை, அப்பா, ஏணி.

"பையன் பட்டம் விடு. பட்டம் மரம் மாட்டு. பையன் அழு. அப்பா வா. ஏணி வை."

"எயா மொனவத கிவ்வே?"

நான் தொடங்கினேன். பையன் பட்டம் விட்டுக்கொண்டிருந்தானாம், அது மரத்தில் மாட்டிக்கொண்டதாம்...

என் வாயில் ஒரு சின்னக் கை வந்து விழுந்தது. சப்பென்று. இரண்டரை வருடத்தில் அவள் பாடசாலை வானில் சிங்களம் பழகியிருந்தாள். நான் சொல்வதெல்லாம் அவளுக்கு விளங்கிக்கொண்டிருந்தது.

"அம்மா பொய்," என்றாள். "அது நான் இல்லை."

மிஸ்ஸின் பேனை நின்றது. தமிழ் தெரியாத அவருக்கும் அந்தக் கை விளங்கியது. "அம்மா, இப்போது அவள் என்ன சொன்னாள்?"

என் வாழ்க்கையில் மொழிபெயர்க்கக் கஷ்டப்பட்ட வசனம் அதுதான். சொன்னேன். ஒரு சொல்லும் கூட்டாமல்.

மிஸ் பழைய கோப்பை எடுத்தார். பார்த்தார். "அன்றைக்கும் இப்படித்தானா?"

"ஓம்," என்றேன். தமிழிலேயே வந்துவிட்டது.

அவர் என்னைத் திட்டவில்லை. "நானும் ஒருமுறை கேட்டிருக்க வேண்டும்," என்றார். "பிழையே இல்லாமல் கதைக்கிற பிள்ளையை ஏன் இங்கே கொண்டு வந்தீர்கள் என்று." பிறகு சொன்னார், நான் நேர்மையாகவே சொல்லியிருந்தாலும் பாதிதான் கிடைத்திருக்கும், பேச்சுச் சிங்களத்தில் நான் போனாலும் அவன் போனாலும் வினை ஒன்றுதான், ஆரணி எதை விடுகிறாள் என்று அவருக்கு அதில் தெரியவே தெரியாது. அதனால் புது வேலை தந்தார். மூன்று கிழமை அவள் பேசுவதைத் தொலைபேசியில் பதிந்து, தமிழிலேயே, சொன்னது சொன்னபடி எழுதிக் கொண்டுவர வேண்டும். பக்கத்தில் சொல்லுக்குச் சொல் சிங்களம்.

எழுதினேன். "பூனை ஓடு" என்று எழுதிவிட்டு, அடுத்த எழுத்துக்குப் போகிற பேனையை இழுத்துப் பிடித்தேன். கணவர் எட்டிப் பார்த்தார்.

"இஞ்சை தாரும். உமக்கு இது சரிவராது. நான் ஆணி எண்ணுறவன், கிடக்கிறதைத்தான் எழுதுவன்."

மிச்சத்தை அவர்தான் எழுதினார். எழுத்துப்பிழை நிறைய. ஆனால் பிள்ளை அப்படியே இருந்தாள்.

அதற்குப் பெயர் இருக்கிறது: வளர்ச்சிசார் மொழிக் கோளாறு. காது கேட்கும், புத்தி இருக்கும், அன்பு இருக்கும். மொழி மட்டும், முக்கியமாக அதன் இலக்கணம், தானாக வந்து ஒட்டாது. மருந்து இல்லை, வெட்டுவதற்கு ஒன்றும் இல்லை. பயிற்சியால் கூடும், முழுதாகப் போகாமலும் இருக்கலாம். பல மொழி கேட்டதால் வந்ததல்ல. தாய் வேலைக்குப் போனதால் வந்ததல்ல. இதை மச்சாளுக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன்.

"தமிழ் கஷ்டமான மொழி, அதனாலா?" என்று நான் மிஸ்ஸிடம் கேட்டேன். அவர் தலையாட்டி மறுத்தார். ஹொங்கொங்கில் கன்டனீஸ் பேசுகிற பிள்ளைகளிலும் இது இருக்கிறதாம். அந்த மொழியில் வினைக்கு வாலே கிடையாது. செய்து முடிந்ததா, செய்துகொண்டிருக்கிறதா என்பதைக் காட்டப் பின்னால் சின்னஞ்சிறு சொற்களை வைப்பார்களாம். இந்தப் பிள்ளைகள் அங்கே அந்தச் சின்னச் சொற்களில் இடறுகிறார்களாம். அன்றைக்குப் பேருந்தில் வரும்போது எனக்கு முன்னால், என் நினைப்பில், ஒரு ஹொங்கொங் அம்மா உட்கார்ந்து வந்தாள். அவளுக்கும் ஒரு மச்சாள் இருப்பா. ஆங்கிலத்தைப் பிடி என்று சொல்லியிருப்பா. விடாதே, என்றேன் அவளிடம், எனக்குத் தெரியாத மொழியில். உன் மொழியை விட்டுவிடாதே.

புதிய அறிக்கையோடு அதிபரிடம் போனோம். அதில் தெளிவாக இருந்தது: புத்தி குறைவில்லை. தன் வகுப்பிலேயே இருக்க வேண்டும். கேள்விகளை வாசித்துக் காட்டுங்கள், நேரம் கூடக் கொடுங்கள். பிழை என்று வெட்டாமல், அவள் சொன்னதை முழு வசனமாகத் திருப்பிச் சொல்லிக் காட்டுங்கள். அதிபர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"ஒரே ஆஸ்பத்திரி, ஒரே மிஸ். ஒண்டு சரி எண்டுது. மற்றது கோளாறு எண்டுது. நான் எதை நம்புறது?"

"இரண்டையும் நம்பலாம். முதலாவது என்ரை."

"விளங்கேல்லை."

"அந்தச் சோதினையைச் செய்தது நான். நாற்பத்திமூண்டு வயசிலை. நல்லாப் பாஸ் பண்ணியிருக்கிறன், பாருங்கோ." சொல்லிவிட்டு, நான் எழுதி வந்த கடிதத்தை மேசையில் வைத்தேன். மகள் சொன்னதை மாற்றிச் சொன்னேன், முதல் அறிக்கைக்கு நானே பொறுப்பு, அதை வைத்து அவளை எடைபோட வேண்டாம். கீழே கையெழுத்து. அதில் ஓர் அலங்காரமும் இல்லை.

அதிபர் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "இதை எழுதித் தர உங்களுக்கு வெக்கமா இல்லையோ?"

"வெக்கம்தான். அவளை அனுப்பிறது அதைவிட வெக்கம்."

அவர் வெளியே நின்ற ஆரணியைக் கூப்பிட்டு எதிரில் உட்கார்த்தினார். "நேற்று என்ன செய்தனீங்கள் பிள்ளை?"

"நேற்று கடல் போ. நான், அப்பா. நண்டு பார். நண்டு கிட்ட வா." இரண்டு கையாலும் நண்டு செய்து மேசையில் ஓடவிட்டாள். "அப்பா பயம். அப்பா குதி. செருப்பு கடல் போ."

என் உதடு தானாக அசைந்திருக்க வேண்டும்.

"நீங்கள் சும்மா இருங்கோ அம்மா," என்றார் அதிபர். "பிள்ளை கதைக்குது." பிறகு ஆரணியிடம், "அப்பா பயந்து குதிச்சாரோ? செருப்பு கடலுக்குள்ளை போயிட்டுதோ?"

"ஓம். அப்பா கத்து. நான் சிரி."

அதிபருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறைக்கப் பார்த்தார், முடியவில்லை. கடிதத்தை மடித்துக் கோப்புக்குள் வைத்தார். "மூண்டாம் வகுப்பு. அவவின்ரை வகுப்பிலையே. ஒரு தவணை பாப்பம். நானே ரீச்சரோடை கதைக்கிறன்." வாக்குறுதி இல்லை, ஒரு தவணை. எடுத்துக்கொண்டேன்.

புதுவருட வகுப்பு தொடங்கிய நாள் வாசல்வரை போனேன். உள்ளே அதே வான் பிள்ளைகள். ஒருத்தி, "ஆரணி வா, ஆரணி குந்து" என்றாள். பின்வாங்கில் சிரிப்பு எழுந்தது. ரீச்சர் இன்னும் வரவில்லை. கொஞ்ச நேரம் பின்னால் நின்றால் யார் என்ன சொல்லப் போகிறார்கள்? உள்ளே கால் வைத்தேன்.

ஆரணி திரும்பினாள். புத்தகப் பையை முன்வரிசை மேசையில் சத்தமாக வைத்தாள். சிரித்தவர்களை ஒருமுறை பார்த்தாள். பிறகு என்னிடம் வந்து, வயிற்றில் கை வைத்து, வாசலுக்கு வெளியே தள்ளினாள்.

"அம்மா போ," என்றாள். "நான் இரு."